எழுதியிருந்தா பாஸாயிருப்பே

பரீட்சை கிடையாது என்பதுதான் அந்த வகுப்புக்கு முக்கியமான விளம்பரம். பல்கலைக்கழகத்தின் பாலக்காட்டு மையத்தில், அறுபது வயது தாண்டியவர்களுக்கென்று ஒரு படிப்பு வட்டம் தொடங்கியிருந்தார்கள். சனிக்கிழமை காலை, படி ஏற வேண்டாத கீழ்த்தள அறை, நடுவில் சர்க்கரை போட்டும் போடாமலும் டீ. யாரும் எதையும் படிக்கலாம், தெரிந்தவர் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கலாம். பரீட்சை இல்லை, மார்க் இல்லை, தோல்வி இல்லை என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைப் படித்துவிட்டு, "அப்போ எனக்கு அங்க என்ன வேலை?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஆத்துல உக்காந்துண்டு பேப்பர்ல தப்பு கண்டுபிடிச்சிண்டிருக்கறதுக்கு அது தேவலை, கேட்டேளா" என்றாள் அவள். அவள் ஏற்கெனவே அங்கே சங்கீத ரசனை வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

நான் கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவன். நடத்தியதைவிடத் திருத்தியதில்தான் எனக்குப் பேர். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் என் மேசைக்கு வந்த கட்டு சொர்க்கவாசல் காணாது என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். எங்கள் மாநிலத்தில் மார்க் போடுவது ஒரு தர்மகாரியம். போட்டது போதாவிட்டால் மேலிடத்தில் மாடரேஷன் என்று அள்ளித் தெளிப்பார்கள். அதில் எனக்கு எப்போதும் எரிச்சல் உண்டு. அந்த எரிச்சலோடுதான் ஓய்வும் பெற்றேன்.

வட்டத்தில் எனக்கு ஒதுக்கியது 'நீரும் மின்சாரமும்' என்ற வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பெரும்பாலும் தமிழ் வீட்டுக்காரர்கள் என்பதால் தமிழிலேயே பேசினேன். கரும்பலகையில் மலையாளத்தில் எழுதினேன். பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் விசேஷமாகத் தோன்றாது. ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அது வட்டத்தின் வழக்கம். நான் ஒரு நாள் சூத்திரத்தைத் தப்பாக எழுதி, அழித்து, மறுபடி தப்பாக எழுதினேன். அன்றைக்கும் தட்டினார்கள்.

கை தட்டாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் ஒருவர் மட்டும்தான். நல்லேப்பிள்ளியிலிருந்து பஸ் பிடித்து வருகிற அம்மா. நெல் வயல், இரண்டு மாடு, வயலைப் பார்த்துக்கொள்ள மகன், எல்லாம் உண்டு. என் வயதுதான் இருக்கும். நாலாவது வகுப்போ ஐந்தாவதோ, கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து நின்று, "ஏனுங்க சார், இதுக்குப் பரீட்சை எப்பங்க?" என்று கேட்டார்.

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"இல்லீங்க, நெசமாத்தான் கேக்கறனுங்க."

டீ நேரத்தில் காரணத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில் பத்தாவது முடித்துப் பிரீ-டிகிரி சேர்ந்தவர். இரண்டு வருடமும் முழுதாகப் படித்திருக்கிறார். பரீட்சைக்கு முந்தின மாதம் கல்யாணம். எழுதவில்லை. அதைப் பற்றிப் பெரிய புகார் ஒன்றும் அவருக்கு இல்லை. புகார் வேறு.

"அன்னிலிருந்து எங்கண்ணன் ஒண்ணே சொல்லிட்டிருக்காருங்க சார். நீ எழுதியிருந்தா பாஸாயிருப்பேன்னு. கண்ணாலத்துக்குப் போனா அங்க நாலு பேருகிட்டச் சொல்லுவாரு, எழவு ஊட்டுக்குப் போனா அங்கயும் சொல்லுவாரு. எங்க ஊட்டுக்காரரும் சாகறவரைக்கும் அதையேதான் சொன்னாரு. இப்ப எம் பையன் சொல்றான். பௌதிகம் எனக்கு வரவே வராதுங்க. பாஸாயிருப்பனா மாட்டனான்னு எனக்கே தெரியாது. இவுங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல வார்த்தைதானுங்க. ஆனா கேக்கறப்பெல்லாம் வவுறு எரியுதுங்க" என்றார்.

எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் எல்லாரும் பிரஷர் மாத்திரை பற்றிக் கேட்டார்கள், பேத்தியின் நுழைவுத் தேர்வு பற்றிக் கேட்டார்கள். என்னைக் கறாராக இருக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே சரி என்றேன். "ஆனா நான் திருத்தினா திருத்தினதுதான்" என்று எச்சரிக்கையும் கொடுத்தேன். "அதுக்குத்தானுங்க உங்ககிட்டக் கேக்கறது" என்றார். என் பேர் நல்லேப்பிள்ளி வரைக்கும் போயிருந்தது போலும்.

வட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஓர் இளம் பேராசிரியை. மலையாளி, நல்ல பெண். நோட்டீஸை எடுத்துக் காட்டி முதலில் தயங்கினார். விருப்பப்பட்டவர்கள் மட்டும் எழுதட்டும் என்று கடைசியில் முடிவானது. உடனே அந்த அம்மாவுக்குத் துணையாக நாங்களும் எழுதுகிறோம் என்று பாதி வகுப்பு கை தூக்கியது. பரீட்சை நெருங்க நெருங்கக் கைகள் இறங்கின. ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன். ஒருவர் மகனைப் பார்க்க பெங்களூர் போய்விட்டார். தாலுகா ஆபீஸில் ஊரையே நடுங்க வைத்த ஒரு மனிதர், பரீட்சை என்று நினைத்தாலே வயிறு சரியில்லை என்று என்னிடம் தனியாக வந்து சொன்னார். அறுபது வயதுக்கு மேலும் மனிதர்கள் பரீட்சைக்கு இப்படிப் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

மிஞ்சியது இருவர். நல்லேப்பிள்ளி அம்மாவும், மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்ற ஊரில் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு பாலக்காட்டில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரும். "பத்தாங்கிளாஸ மூணு தடவ எழுதுனவன் சார் நான். பரீட்சை எனக்குப் புதுசா?" என்றார் அவர். பரீட்சைக்கு முன்னால் வட்டத்தில் மூணாறுக்கு ஒரு சுற்றுலா போயிருந்தோம். மறையூர் வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். மின்நிலையத்துக்குள் விட மாட்டார்கள் என்பதால், மலைச்சரிவில் இறங்கும் பெரிய இரும்புக் குழாய்களைச் சாலையோரம் நின்று பார்த்தோம். எஸ்டேட்காரர்தான் எங்களுக்கு வழிகாட்டி. குழாயைப் பற்றிக் கேட்டால் குளிரைப் பற்றிச் சொன்னார்.

பரீட்சை அன்று அறையில் அடுத்தடுத்து இரண்டு பெஞ்சு, எதிரே நான். அந்த அம்மா புதுப் பேனா இரண்டு வாங்கி வந்திருந்தார். கேள்வித்தாளைக் கொடுத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அரைமணி கழித்துப் பார்த்தால், எஸ்டேட்காரர் கழுத்தை நீட்டி அந்த அம்மாவின் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார். எழுபதை நெருங்கியவரை எழுப்பிப் பெஞ்சில் ஏறி நிற்கச் சொல்ல முடியுமா? நான் இருமினேன். அவரும் பதிலுக்கு இருமிவிட்டு எழுதினார். கடைசியில் அந்த அம்மாவே இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்தினேன். எஸ்டேட்காரர் பாதிவரை அந்த அம்மாவின் பதில்களை அவற்றின் தப்புகளோடு சேர்த்து எழுதியிருந்தார். கை வளைந்த இடத்துக்குப் பிறகு அவர் தாள் வெள்ளை. அதைத் திருத்த நேரமே ஆகவில்லை.

அந்த அம்மாவின் தாளில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு கேள்வி இப்படி: மலை உச்சியிலிருந்து மின்நிலையத்துக்கு வரும் குழாயின் இரும்பு, கீழே வரவர ஏன் தடிமனாக இருக்க வேண்டும்? அவர் மலையாளத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கால்வாய் மதகைத் திறந்தால் தண்ணீர் எப்படிப் பாயும், மேட்டு வயல்காரர் எப்படி மறித்துக்கொள்வார், கடைமடை வயலுக்கு வரும்போது எப்படிச் சோர்ந்துவிடும், அதனால் யாருக்கும் யாருக்கும் இடையே பேச்சு நின்றுபோனது என்பதுவரை. படிக்க நன்றாக இருந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் உள்ள உயர வித்தியாசம் கூடக்கூட அழுத்தம் கூடும் என்று ஒரு வரி போதும். உயரம் என்ற ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தேடினேன். மலையாளத்திலும் அதே சொல்தான், கண்ணுக்குத் தப்ப வழியில்லை. இல்லை. பூஜ்யம் போட்டேன். கூட்டினேன். பாஸுக்கு இரண்டு மார்க் குறைந்தது.

மறுபடி கூட்டினேன். அதே இரண்டு. என் வாழ்நாளில் ஒரு தாளில் கூட்டல் தப்பாக இருக்கக்கூடாதா என்று ஏங்கியது அன்றைக்குத்தான். அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு இரண்டு மார்க் போட்டால் எந்த ஊர் முழுகிவிடும் என்று என் மனசே கேட்டது. மனைவி சும்மா இருப்பாளா?

"போட்டுடுங்கோளேன். பாவமாக்கும் அந்த அம்மா. அம்பது வருஷம் ஆசைப்பட்டு எழுதியிருக்கா."

எஸ்டேட்காரர் போனில் கூப்பிட்டார். "சார், என்னைய விடுங்க. நம்ம பெயில் ஆனா வீட்டுல யாரும் ஆச்சரியப்பட மாட்டாக. அந்த அம்மாவுக்கு மட்டும் பாத்துப் போட்டுவிடுங்க" என்றார். மறுநாள் பேராசிரியை கூப்பிட்டார். "சாரே, ரண்டு மார்க்கு மாத்ரமல்லே? பொன்னாட வாங்கியாச்சு." வட்டத்தில் எதற்கும் பொன்னாடைதான். சனிக்கிழமை சின்ன விழா, அந்த அம்மாவுக்குப் பாராட்டு, எல்லாம் முடிவாகிவிட்டதாம். நான் இன்னும் மார்க்கை வெளியே சொல்லவே இல்லை, மனைவி மூலம் போயிருக்க வேண்டும்.

எல்லாரும் நல்லவர்கள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவருடைய அண்ணனும் நல்லவர்தான், செத்துப்போன புருஷனும் நல்லவராகத்தான் இருந்திருப்பார். நான் இரண்டு மார்க் போட்டால், எழுதியிருந்தால் பாஸாயிருப்பாய் என்று சொல்கிறவர்களில் நானும் ஒருவன். அவர்களாவது வாயால் சொன்னார்கள், நான் சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பேன். போடவில்லை. ஆனாலும் விடைத்தாள் கொடுக்கப் பயந்து வகுப்புக்குப் போனது முதல்முறை.

சனிக்கிழமை அறையில் முன்வரிசை நிரம்பியிருந்தது. பரீட்சைக்கு வராத எல்லாரும் விழாவுக்கு வந்திருந்தார்கள். தட்டில் பொன்னாடையும் பக்கத்தில் மஞ்சள் சாமந்தி மாலையும். பேராசிரியை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தாளை எடுத்துக்கொண்டு நேரே அந்த அம்மாவிடம் போய்க் கொடுத்தேன்.

"ரெண்டு மார்க் குறையறதும்மா. பாஸ் இல்லை."

கை தட்டத் தூக்கிய யாரோ கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் புரட்டினார். ஒவ்வொரு சிவப்புக் குறியாக நின்று பார்த்தார். குழாய்க் கேள்விக்கு வந்ததும் அங்கேயே இருந்தார்.

"கேட்டது ஒண்ணு, நான் எழுதுனது ஒண்ணுங்க" என்றார் மெதுவாக. "இதுக்குப் பூச்சியந்தானுங்க போடோணும்."

பேராசிரியை பொன்னாடையோடு எழுந்து, முயற்சிதான் முக்கியம் என்று மலையாளத்தில் ஏதோ ஆரம்பித்தார். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "அத மடிச்சு வையுங்க டீச்சர். பாஸானதுக்கு அப்புறம் போட்டுக்கறனுங்க."

பிறகு பையிலிருந்து போனை எடுத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணா, நாந்தானுங்க. பரீட்சை முடிவு வந்துருச்சுங்க. பெயிலு."

"அட, அதென்ன கண்ணு, இந்த வயசுல எழுதுனதே பெருசு" என்றது வயதான குரல். "அன்னிக்கே நீ எழுதியிருந்தா..."

"இல்லீங்கண்ணா" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை, ரொம்பத் தெளிவாக இருந்தது. "அன்னிக்கு எழுதியிருந்தா என்னாகும்னு உங்களுக்குந் தெரியாது, எனக்குந் தெரியாது. இன்னிக்கு எழுதுனேன், பெயிலு. இது தெரியும். இனி எங்கியும் அதச் சொல்லாதீங்க."

"சரி கண்ணு" என்றது அந்தக் குரல்.

அவர் போனைப் பையில் வைத்தார். முகத்தில் அழுகை எதுவும் இல்லை. பெரிய சுமையை இறக்கி வைத்த ஆள் போலப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். மாலையை யாரும் தொடவில்லை. எஸ்டேட்காரர் மட்டும், "அப்ப என் மார்க்க யாரும் கேக்கலையா?" என்றார். ஒருவரும் கேட்கவில்லை.

அந்த அம்மா வேறு ஒரு புதுத் தாளை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், அந்தக் கொழாய்க்கு என்னங்க எழுதியிருக்கோணும்? மெதுவாச் சொல்லுங்க."