இளவரசிக்கு ஓர் ஆன்ட்டி டெஸ்ட்

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்குங்க."

போன சனிக்கிழமை காலை. எங்கள் ஊர் ராசாவில் நான் வழக்கமாக வடை வாங்கும் கடை வாசல். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஆன்ட்டி யாரும் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு பூனை, டியூஷன் பையோடு ஒரு பெண்... அவள் நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இருபத்தாறு வயது. முகத்தில் சுருக்கம் கிடையாது. முழங்காலில் வலி கிடையாது. காலேஜ் டீ-சர்ட்தான் போட்டிருந்தேன். (அது காலேஜ் முதல் வருஷம் வாங்கியது என்பதை அந்தப் பெண் எப்படிக் கண்டுபிடித்தாள்?)

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. முதல் வடையைத் தின்று முடிக்கிற வரை இருந்தது. இரண்டாவது வடையைக் கடிக்கும்போது பளிச்சென்று ஒன்று தோன்றியது.

அட! நாங்கள் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த பிரச்சினைக்கு இவள் ஒரே சொல்லில் தீர்ப்பு சொல்லிவிட்டாளே!

என்ன பிரச்சினை? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மாயாஜால நாவலைத் தெரியும். (நான் விடாமல் நச்சரித்ததால் தெரியும்.) தெரியாத பாக்கியசாலிகளுக்குச் சுருக்கமாக: செம்பனைக் காட்டுக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம். இளவரசி மின்னொளி, வயது பதினைந்து. அவள் ஏறிப் பறப்பது லாரி அளவுக்கு ஓர் இருவாச்சிப் பறவை. எதிரி, தொள்ளாயிரம் வயது சூனியக்காரி. அவளுக்குக் கணக்கு எழுத ஒரு கிராணிப் பூதம், மற்ற பூதங்களை விரட்டி வேலை வாங்க ஒரு மண்டோர்ப் பூதம். தோட்டத்து ரத்தம் ஓடுகிறவள் வேறு எப்படி எழுதுவாள்?

இந்தக் கதையைத் தொடராக எடுக்கலாம், முதலில் ஒரே ஓர் எபிசோட் எடுத்துக் காட்டுங்கள் என்று டிவிக்காரர்கள் சொன்னார்கள். நான் வீட்டுக் கூடத்தில் ஆடினேன். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஆட்டம் முடிந்த பிறகுதான் புரிந்தது. எழுதும்போது வயது இலவசம். பதினைந்து என்று எழுதவும் அதே விரல், தொள்ளாயிரம் என்று எழுதவும் அதே விரல். கேமராவுக்கு அப்படியா? அதற்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகத்துக்கு ஒரு வயது இருந்து தொலைக்கிறது.

இயக்குநர் தினேஸ் அண்ணே முதலில் நிஜமான பதினைந்து வயதுப் பெண்களைத்தான் தேடினார். ஒருத்திக்கு வாரம் முழுக்க டியூஷன். இன்னொருத்தியின் அம்மா, தனக்கும் ரெண்டு டயலாக் கேட்டார். மூன்றாமவள் அருமையாக நடித்தாள். ஆனால் அளவெடுத்த நாளுக்கும் உடை தைத்து வந்த நாளுக்கும் நடுவில் வளர்ந்துவிட்டாள்! கணுக்கால் வரை வர வேண்டிய பாவாடை முழங்காலுக்குக் கீழே நின்றுகொண்டது. தொடர் மூன்று வருஷம் ஓடினால் என்ன ஆகும்? முதல் எபிசோடில் பறவை மேல் ஏறுகிறவள், கடைசி எபிசோடில் கார் லைசென்ஸோடு அல்லவா இறங்குவாள்?

ஆகவே பதினைந்து வயதாகத் தெரிகிற பெரிய ஆள் வேண்டும். இங்கேதான் சர்மிளா வருகிறாள்.

சர்மிளா என் ஸ்கூல் தோழி. தெமியாங்கில் வீடு. என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் பார்த்தவர்களில் அவள்தான் ஆகச் சிறந்த நடிகை. ஒரே குறை, உயரம். கூடவே கொஞ்சம் கனத்த குரல். அவ்வளவுதான், பத்தொன்பது வயதிலேயே அவளைப் பிடித்து அம்மா ஆக்கிவிட்டார்கள். முதல் நாடகத்தில் அவளுக்கு மகனாக வந்தவன் அவளைவிட நாலு வயது மூத்தவன். இடைவேளையில் அவளுக்கே லவ் லெட்டர் கொடுத்தான். அன்றிலிருந்து அம்மா, அம்மா, அம்மா. சேலை கட்டி, முந்தானையில் கண்ணைத் துடைத்து...

நாவல் வந்த நாளிலிருந்து அவள் மின்னொளியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவ ஓடணும்டி. எல்லாத்துலயும் அழுதுட்டேன். இதுலயும் அம்மாதான்னா, எனக்கு வேணாம்லா. இதோட நிப்பாட்டிக்கிறேன்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. ஆனால் அவளுக்குக் குறுக்கே நின்றது தினேஸ் அண்ணே மட்டும் இல்லை, நானும்தான். "பதினைந்து என்றால் பதினைந்து, ஒரு மாசம்கூட மாத்தக் கூடாது" என்று முதல் மீட்டிங்கில் மேஜையைத் தட்டியது இந்தக் கைதான். அண்ணே அதைப் பிடித்துக்கொண்டார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு சின்னப் பெண் ரெடி. பெரியவள்தான், பார்க்கப் பதினைந்து மாதிரி இருப்பாள்; போனில் ஆடிப் பாடி வீடியோ போடுகிறவள். சர்மிளாவுக்கு? இளவரசியின் அம்மா, மகாராணி. அழுகிற மகாராணி.

இந்த இடத்தில்தான் வடைக்கடைப் பெண் என் கண்ணைத் திறந்தாள்.

யோசித்துப் பாருங்கள். நாம் யாரையாவது சும்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமா? பார்த்த மாத்திரத்தில் எடை போடுகிறோம். அண்ணே, அக்கா, அங்கிள், ஆன்ட்டி... நெற்றியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறோம். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருப்பது அரசாங்கம் போட்ட வயது. பிள்ளைகள் வாயில் வருவதுதான் ஊர் போட்ட வயது!

உடனே தினேஸ் அண்ணேக்குப் போன் போட்டேன். சர்மிளாவைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்துவோம். அக்கா என்றால் பாஸ், வேஷம் அவளுக்கு. ஆன்ட்டி என்றால் ஃபெயில், நான் வாயைத் திறக்க மாட்டேன். அண்ணே, "திங்கக்கிழம டிவிக்காரங்ககிட்ட பேர் குடுக்கணும்மா. ஞாயித்துக்கிழம முடிச்சிரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டுக்குக் கிளம்பினோம். படப்பிடிப்புக்காகப் பார்த்து வைத்த செம்பனைக் காடு அங்கேதான் இருக்கிறது. கோயில் திடல் நிறையப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வழியில் செண்டோல் குடிக்க ஒரு கடையில் நிறுத்தி ஒரு ட்ரையல் பார்த்தேன். கடைக்கார பாக்சிக், மலாய்ப் பெரியவர், என்னிடம், "அடிக், மாவ் அபா?" என்று என்ன வேண்டும் எனக் கேட்டார். அடடா, நான் இன்னும் தங்கச்சிதான்! சர்மிளாவுக்கும் அடிக். முன் தலை முழுக்க வழுக்கையான தினேஸ் அண்ணேக்கும்... அடிக். (மலாயில் தம்பிக்கும் அதே சொல்தான்.) விற்கிறவர்கள் சொல்லும் வயதை நம்பக் கூடாது என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

திடலில் கால்பந்து மும்முரம். சிலிப்பர்தான் கோல் போஸ்ட். நானும் அண்ணேயும் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டோம். சர்மிளா ரெட்டை ஜடை, என் தங்கச்சியின் பாவாடை, முகத்தில் துளி மேக்கப் இல்லை. பிள்ளைகளிடம் போய்க் கோயிலுக்கு வழி கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. (கோயில் எதிரிலேயே இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.)

அவள் திடலில் கால் வைத்தாள்.

"டேய்! டீச்சர் வராங்கடா!"

அடுத்த நொடி திடலில் ஓர் ஆள் இல்லை. பந்துகூடத் தனியாக உருண்டுகொண்டிருந்தது. கோல் போஸ்ட்டை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடியிருந்தார்கள்.

தினேஸ் அண்ணே கார் பானட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஃபெயில்லா!"

"டீச்சர்னுதானே சொன்னாங்க? ஆன்ட்டினு சொல்லலியே!"

"ஆன்ட்டிய விட மோசம்மா. ஆன்ட்டியப் பாத்தா யாராச்சும் ஓடுவாங்களா?"

சர்மிளா திடல் நடுவில் தனியாக நின்றாள். பிறகு மெதுவாக ஜடையை அவிழ்த்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தாள்.

"போதும்டி. மகாராணிக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு. நான் வீட்டுக்குப் போறேன்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஒரு பெண்பிள்ளை சிலிப்பர் எடுக்கத் திரும்பி வந்தாள். பத்து, பதினோரு வயது இருக்கும். பெயர் திவ்யா என்று பிறகு தெரிந்தது. டீமுக்கு அவள்தான் கேப்டன் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"டீச்சர், நீங்க எந்த ஸ்கூலு?"

"நான் டீச்சர் இல்லமா."

"பின்ன?"

"சும்மா... வந்தேன்."

திவ்யா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எங்களுக்கு ஒரு ஆள் பத்தல. நீங்க நல்ல உயரமா இருக்கீங்க. கோல் நிக்கிறீங்களா?"

சர்மிளா என்னைப் பார்த்தாள். நான் அண்ணேயைப் பார்த்தேன். அண்ணே சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சர்மிளா செருப்பைக் கழற்றி வீசினாள். ஓடிய பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

முதலில், "டீச்சர், பிடிங்க!" பிறகு, "அக்கா, பிடிங்க!" நான் அண்ணேயின் முழங்கையை இடித்தேன். "அக்கா! கேட்டீங்களா, அக்கா!" அவர், "கோல் பிடிச்சா நம்ம பெரியம்மாவக்கூட அக்கானுதான் கூப்பிடுவாங்க" என்றார். பிறகு, "அக்கா, போடு!" மரியாதை ஒரு படி இறங்கியது. சர்மிளாவுக்குக் கோல் போஸ்ட்டில் நிற்கப் பொறுமை இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு அவளே முன்னால் ஓட ஆரம்பித்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை எங்கெங்கோ வீசிக்கொண்டு, வழுக்கி விழுந்து, எழுந்து... அவள் விட்டுவிட்டு வந்த கோலில் எதிர் டீம் நிதானமாகப் பந்தைப் போட்டது.

திவ்யாவுக்கு வந்ததே கோபம்!

"ஏய்! கோல விட்டுட்டு எங்க போற? தூங்குறியா?"

"நீதான்டி குறுக்க வந்த! இல்லாட்டி நான் போட்டிருப்பேன்!"

"நீ போட்ட! காலே எட்டல ஒனக்கு!"

"வா, பாப்போம்! வா!"

இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி நின்றார்கள்.

ஏய்! நம் ஊரில் பெரியவளைப் பார்த்து ஒரு பிள்ளை 'ஏய்' என்று சொல்லிவிட்டு முதுகில் ஒன்று வாங்காமல் வீடு போக முடியுமா? அக்காவும் இல்லை, ஆன்ட்டியும் இல்லை, டீச்சரும் இல்லை. ஸ்டிக்கரே இல்லை! அதைக் கிழித்துவிட்டுப் பேசுவது கூட விளையாடுகிறவர்களிடம் மட்டும்தானே?

அண்ணே பக்கம் திரும்பினேன். சாவி பானட் மேல் கிடந்தது. கேமரா கண்ணோடு ஒட்டியிருந்தது. எப்போது எடுத்தாரோ!

"இவ இப்படி ஓடுவானு யாரும் சொல்லலியே எனக்கு" என்று முணுமுணுத்தார்.

"நீங்க யாரும் ஓட விடலியேண்ணே. ஒக்கார வெச்சு அழத்தானே விட்டீங்க?"

வயதை நாம் முகத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். முகத்தை அசையாமல் வைத்துப் பார்த்தால் யாருக்குமே வயது கூடத்தான் தெரியும். உங்கள் ஐசி படத்தை எடுத்துப் பாருங்களேன்.

"சரி, ஆனா பதினஞ்சு?" என்றார் அண்ணே. "புக்கு படிச்சவங்க நம்மள அடிக்க வந்தா?"

என் புத்தகத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். பாதிப் பேர் சொந்தக்காரர்கள். சமாளித்துக்கொள்ளலாம். காரிலிருந்து ஸ்கிரிப்டை எடுத்து, மின்னொளி பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'வயது 15' என்பதை அடித்தேன். முதல் காட்சியில் சிம்மாசனம் இருந்தது, அதையும் அடித்தேன். 'ஓடி வருகிறாள்' என்று எழுதினேன். மேஜையைத் தட்டிய அதே கை.

அண்ணே எட்டிப் பார்த்துவிட்டு, திடலைப் பார்த்துக் கத்தினார். "ஏ மின்னொளி! தண்ணி குடிக்க வா!"

சர்மிளா ஓடி வந்தாள். முட்டியெல்லாம் சேறு. கண் இரண்டிலும் தண்ணீர். வேஷம் கிடைத்ததற்கு என்று நினைத்தேன்.

"கேட்டியாடி? 'தூங்குறியா'னு கேட்டாடி என்னைய!"

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஓர் ஆளை நான் பார்த்ததில்லை.

எல்லாம் சுபமாக முடிந்ததா? முடிந்திருக்கும். பந்து உருண்டு வந்து என் காலில் இடிக்காமல் இருந்திருந்தால்.

"ஆன்ட்டி!" திவ்யாதான். "அந்தப் பந்தக் கொஞ்சம் எடுத்துப் போடுறீங்களா?"

தினேஸ் அண்ணே மெதுவாகத் திரும்பினார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். ஓர் இயக்குநர் பார்க்கிற மாதிரி.

"ஏம்மா... அந்தத் தொள்ளாயிரம் வயசுக்கு இன்னும் ஆள் கிடைக்கலதானே?"

வருகிற ஞாயிறு அதே திடல். கறுப்புத் துணி, வெள்ளை விக், கையில் ஒரு மந்திரக்கோல். பிள்ளைகள் பயந்து ஓடினால் சூனியக்காரி வேஷம் எனக்கு. "ஆன்ட்டி, கோல் நிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டால்... இருக்கட்டும், எதற்கும் ஒரு பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.