அசையாத பதினெட்டு

என் அண்ணி பேருந்து நிறுவனமொன்றில் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர். எந்தப் பேருந்தின் பிரேக்கை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பழைய பதிவுகளைக் கொண்டு முன்கூட்டியே சொல்ல ஒரு கணினி மாடலைப் பழக்குகிறார். அதே நிறுவனத்தில்தான் அண்ணன் பேருந்து ஓட்டுகிறான்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் அன்று அண்ணியின் மேசையருகே உட்கார்ந்திருந்தேன்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சாயங்காலம் மாடலை ஓட விட்டுடலாமா? இல்ல இன்னும் நாடி பிடிச்சுட்டே இருக்கியா?"

"மூச்சு இருக்கான்னு பாக்காம ஓடுன்னா எப்படி சார்?"

அதுதான் அண்ணியின் பழக்கம். வண்டியின் வயது, ஓடிய தூரம், மிதிக்க மிதிக்கத் தேயும் பிரேக் லைனிங்கின் தடிமன் என்று மாடலுக்குள் போகும் ஒவ்வொரு விவரத்துக்கும் சராசரி, குறைந்த அளவு, அதிக அளவு, எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம், இவ்வளவையும் கேட்டு வாங்காமல் அடுத்த வேலையைத் தொடமாட்டார். மொத்தமாகப் பார்த்தபோது லைனிங் கணக்கு ஒழுங்காகவே இருந்தது. அண்ணி இன்னொரு வரி சேர்த்துப் பணிமனை வாரியாகக் கேட்டார்.

ஒரு பணிமனையில் லைனிங் தடிமனின் சராசரி பதினெட்டு மில்லிமீட்டர். குறைந்ததும் பதினெட்டு, அதிகமும் பதினெட்டு. திட்ட விலக்கம் பூஜ்ஜியம். அது அண்ணனின் பணிமனை.

"உங்க அண்ணன் மிதிக்கிற மிதிக்குத் தேயாத பிரேக்கா?" என்று என்னிடம் கேட்டார். சிரிக்கவில்லை. உடனே அங்கே மெக்கானிக்குகளை மேற்பார்க்கும் ஃபோர்மனுக்குப் போன் போட்டார்.

"ஃபோர்மன் அண்ணே, உங்க வண்டி எல்லாமே பதினெட்டு மில்லிமீட்டரா?"

"நான் பாத்து நல்லா இருந்தா புதுசோட அளவைப் போட்டுடுவேன்மா. 'நல்லாருக்கு'ன்னு எழுதினா உங்க கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குதே."

"வாங்காதுதான் அண்ணே. ஆனா இப்போ உங்க வண்டி எதுவும் தேயவே தேயாதுன்னு நம்பிடும். ஒண்ணைக்கூட பிரேக் பாக்க உள்ள கூப்பிடாது."

மறுமுனையில் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அளந்துடறேன். வெளிய போனதையும் திரும்பக் கூப்பிடறேன்மா."

அந்த அளவுகள் வராமல் மாடல் ஓடாது என்று அண்ணி சொன்னதும் மேலாளர் முகம் சுளித்தார், ஆனாலும் தள்ளிவைத்தார்.

அன்று அண்ணன் வழக்கத்துக்கு முன்பே வீடு வந்துவிட்டான்.

"பாதி வழியில என் வண்டியை நிறுத்திட்டாங்க. லைனிங் தேஞ்சு நாலு மில்லிதானாம், ஓட்டவே கூடாதாம். ஏறினவங்க எல்லாம் என்னைத்தான் வறுத்தெடுத்தாங்க."

"வறுக்கட்டும். கை கழுவிட்டு வாங்க," என்றார் அண்ணி. நிறுத்த வைத்தது தன் போன்தான் என்று அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

தட்டுகளை எடுக்க அவர் எழுந்தார்.

"நீங்க உக்காருங்க அண்ணி, நான் எடுக்கறேன்."

"நீயா?" என்றான் அண்ணன். "அப்ப இன்னிக்கு மழை கொட்டப்போகுது."

கொட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நனையாமல், பத்திரமாக வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான் அவன்.