தாப்பா மேட்டில் சிவப்புக் கார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாப்பாவைத் தாண்டி கேமரன் மலைச்சாலை ஏறத் தொடங்கியதும் என் தோள்பட்டைகள் தாமாகவே தளர்ந்துவிடும். வாரம் முழுக்க ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை. காற்றடைத்து உப்பிய கையுறைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே ரப்பர் வாசனை. அப்படி நின்று நின்று மரத்துப்போனவளுக்கு, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிற சாலை என்னவாக இருக்கும் என்று மோட்டார் சைக்கிள் ஓட்டாதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சாலை எங்கே போய் மறைகிறதோ அந்த இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, உடம்பை லேசாகச் சாய்த்தால் போதும். கண் போகிற பக்கம் வண்டி போகும். வலப்பக்கம் சாய்ந்து நிமிர்வதற்குள் இடப்பக்கம் சாய வேண்டும். மூங்கில் புதர், ஈரப் பாறை, திடீரென்று ஒரு துண்டு வானம். அந்த நேரத்தில் வீட்டுக் கவலை, வேலைக் கவலை எதுவும் தலைக்குள் நுழையாது. நுழைய இடமிருக்காது.

கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் நான் பிறந்த தொழிலாளர் லயங்கள் இப்போது இல்லை. கித்தா என்னும் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். மிச்ச இடத்தில் வரிசை வீடுகள் வந்துவிட்டன. அந்தத் தோட்டத்துச் செம்மண் பாதைகளில், அப்பாவின் கப்சாயில், அந்தச் சின்ன மோட்டாரில்தான் நான் ஓட்டப் பழகினேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்திருந்தேன். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போனபின், நாற்பத்தைந்து வயதில், தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பழைய பெரிய மோட்டார் வாங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். என் கணவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார்.

"சரி. நீ மலைக்கு ஏறுறன்னா நானும் காடிய எடுத்துட்டு பின்னால வாரேன்" என்றார்.

"நீங்க எதுக்குங்க?"

"உனக்கு ஒன்னு ஆச்சுன்னா யாரு தூக்கிட்டுப் போறது?"

அப்படித்தான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூவரின் பயணம் வழக்கமானது. தம்பி தன் மோட்டாரில் முன்னால், நான் அடுத்து, வெகு தூரத்தில் என் கணவர். அவர் சொன்ன காடி இருபது வருடப் பழைய சிவப்புக் கார், கையால் கியர் மாற்றும் வண்டி. சமதரையில் ஓரளவு போவார். மலைச்சாலையில் அவர் ஓட்டுவதைப் பார்த்தால் கார் ஒவ்வொரு வளைவையும் அனுமதி கேட்டுக் கடக்கிறதோ என்று தோன்றும்.

மெதுவாகப் போவது குற்றமில்லை. தாப்பா சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எரிச்சல் அதில் இல்லை. ஒதுங்க இடம் இருந்தும் ஒதுங்காமல் போவதுதான் எரிச்சல். முன்னால் ஒரு கார் ஊர்ந்துபோகும். அதன் பின்னால் வேன், சுற்றுலா பஸ், உர லாரி, அதற்குப் பின்னால் நாங்கள். எதிரில் கேமரனிலிருந்து காய்கறி லாரி இறங்கிக்கொண்டே இருக்கும். முந்த முடியாது. வளைவுகளெல்லாம் சாயாமல், சுகமில்லாமல், காலால் தரையைத் தொடுகிற வேகத்தில் வீணாகும். ஒரு நல்ல சாப்பாட்டை முன்னால் வைத்துக் கையைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஹெல்மெட்டுக்குள் நானும் நிறையத் திட்டியிருக்கிறேன்.

அதனால் மலை மேல் ரிங்லெட் ஊரில் நாங்கள் வழக்கமாக நிற்கும் தேநீர்க் கடைக்கு மற்ற மோட்டார்காரர்கள் வந்து, ஒரு சிவப்புக் காரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் குனிந்து தேநீரை ஆற்றத் தொடங்கிவிடுவேன். தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான். இரண்டாவது தேநீர் முடியும் நேரத்தில் அவர் வந்து சேருவார். "இன்னிக்கி ரோட்டுல நல்ல கூட்டம்" என்று சொல்லி உட்காருவார். அந்தக் கூட்டமே அவருக்குப் பின்னால் சேர்ந்ததுதான் என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் நல்ல மழை. ஓரங்களில் மணல் அடித்து வந்து கிடந்தது. நாங்கள் கவனமாக ஏறி ரிங்லெட்டில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மோட்டார்காரர்கள் வந்து பக்கத்து மேசையில் ஹெல்மெட்டை வைத்தார்கள்.

"தாப்பாலேருந்து ஒரு செவப்பு காடி லா" என்றார் ஒருவர். "போவவும் மாட்டேங்குது, வழி விடவும் மாட்டேங்குது. எப்படியோ முந்திக்கிட்டு வந்துட்டோம்."

"அந்தப் பச்சை ஹெல்மெட்டுக்காரன் இன்னும் பின்னாலதான் இருக்கான். ஹார்ன் அடிச்சே கை ஓஞ்சிருக்கும்" என்றார் மற்றவர்.

நான் வழக்கம்போல் தேநீரைப் பார்த்துக்கொண்டேன். இரண்டாவது தேநீர் முடிந்தது. அவர் வரவில்லை. போன் எடுத்தேன். அந்தச் சாலையில் பாதி இடத்தில் லைன் கிடைக்காது. மூன்று தடவை அடித்தும் போகவில்லை. "வருவாரு லா, எங்கயாச்சும் பெத்தாய்க் காய் வாங்க நின்னிருப்பாரு" என்றான் தம்பி.

அப்போது உர லாரி ஒன்று வந்து கடை முன்னால் நின்றது. டிரைவர் இறங்கி வரும்போதே கடைக்காரரிடம் சொன்னார். "கீழ ஆக்சிடன் அண்ணே. மோட்டார் கெடக்கு, செவப்பு காடி ஒன்னு நிக்குது."

நான் எழுந்துவிட்டேன். "அண்ணே, யாருக்கு அடி? காடில இருந்தவருக்கா?"

"சரியா பாக்கலம்மா. யாரோ ஒருத்தர் ரோட்டோரம் படுத்துக் கெடந்தாரு. பின்னால அம்புட்டு வண்டி, நான் நிக்க முடியல."

"அக்கா, நீ இரு, நான் போயி பாக்குறேன்" என்று தம்பி சொல்லும்போது நான் ஹெல்மெட்டை மாட்டியாயிற்று.

அந்த இறக்கத்தை எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு மனப்பாடமான சாலை. ஆனால் அன்று ஒவ்வொரு வளைவும் எதையோ ஒளித்து வைத்திருப்பதுபோல் இருந்தது. திரும்பினால் சிவப்பு தெரியுமோ என்று பயம். தெரியவில்லை என்றால் அதைவிடப் பயம். அவர் என் பின்னால் வருவதை எத்தனை தடவை தொல்லை என்று நினைத்திருக்கிறேன்! அவர் ஏன் வந்தார், நான் ஏன் வரவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது.

சாலையோர அருவிக்கு மேலே ஒரு வளைவில், சாலை நடுவே ஒடித்துப் போட்ட மரக்கிளை கிடந்தது. முன்னால் விபத்து, மெதுவாக வா என்பதற்கு அடையாளம். வேகத்தைக் குறைத்துத் திரும்பினேன். வளைவின் முனையில் ஒரு ஆள் நீல மழைச்சட்டையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

என் கணவர்.

இரண்டு காலில் நின்றார். சட்டையெல்லாம் சேறு. ரத்தம் இல்லை. நான் அப்படியே வண்டியை நிறுத்தி இறங்கப் போனேன். ஸ்டாண்டைப் போட மறந்துவிட்டேன்.

"ஸ்டாண்ட போடு, ஸ்டாண்ட போடு, சாஞ்சிறப் போவுது" என்று ஓடி வந்து மோட்டாரைப் பிடித்துக்கொண்டார்.

நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். விட மனமில்லை. அவர் பதறிப்போய், "என்ன, நீயும் விழுந்திட்டியா?" என்று என்னைத் தடவித் தடவிப் பார்த்தார்.

விழுந்தது பச்சை ஹெல்மெட்டுக்காரர். முப்பது வயது இருக்கும், ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து வந்தவர். பொறுமை இழந்து வளைவில் முந்தப் போயிருக்கிறார். எதிரே காய்கறி லாரி. சட்டென்று உள்ளே ஒடித்தவர் மணலில் சறுக்கி, சிவப்புக் காருக்கு நேர் முன்னால் விழுந்து புரண்டிருக்கிறார். கார் அவரைத் தொடாமல் நின்றுவிட்டது. இப்போது காரின் பக்கத்தில் ஒரு பாயில் படுத்திருந்தார். சாலையோரக் கடையில் பெத்தாய் விற்கிற பூர்வகுடிப் பெண் ஒருவர் பாயைக் கொண்டுவந்து போட்டு, தலைமாட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். விழுந்தவருக்கு இடது தோள் அசையவில்லை. மற்றபடி பேசினார், கால் விரல்களை ஆட்டிக் காட்டினார்.

ஆம்புலன்ஸ் கூப்பிட லைன் இல்லை. பின் இருக்கையில் ஏற்றித் தாப்பா மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தோம். விழுந்த மோட்டாரை அந்தப் பெண்ணின் கடைக்குப் பின்னால் தள்ளி வைக்க, எனக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த தம்பி நின்றுவிட்டான். நான் முதல்முறையாக என் கணவருக்குப் பின்னால் ஓட்டினேன்.

ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக் விளக்கு எரிந்தது. பின் கண்ணாடியில் அந்த மனிதரின் தலை பெரிதாகக் குலுங்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஹார்ன் அடித்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே, அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். அவர் இருக்கிறார், எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போகிறார். அன்றைக்கு எனக்கு அது போதுமாயிருந்தது.

கழுத்தடிக் காறை எலும்பு முறிவு, கை சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை, சரியாகிவிடும் என்றார் டாக்டர். கையில் கட்டுடன் உட்கார்ந்திருந்தவர் என் கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, நான்தான் உங்க பின்னாலேயே ஹார்ன் அடிச்சிக்கிட்டு வந்தேன்."

"தெரியும்லா. பச்சை ஹெல்மெட்டு. கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வேற காடியா இருந்தா என் மேல ஏறியிருக்கும்ணே."

என் கணவர் "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார். சற்று நேரத்தில் அடிபட்டவரின் மனைவி வந்து சேர்ந்தார். வாசலிலிருந்தே திட்டிக்கொண்டு வந்தவர், ஆளைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தாமலே அழுதார்.

தம்பியும் வந்துவிட, நாங்கள் மூவரும் கேண்டீனில் உட்கார்ந்தோம். தம்பி தேநீர் வாங்கி வந்து வைத்தான். பிறகு சொன்னான்.

"மச்சான், நீங்க இன்னிக்கி ஒரு உசுர காப்பாத்துனீங்க. ஆனா நான் ஒன்னு சொல்லவா? நீங்க ஓரத்துல ஒதுங்கி வழி விட்டிருந்தா அவன் வளைவுல முந்தப் போயே இருக்க மாட்டான்."

அன்றைக்குப் போய் அதைச் சொல்வதா! என் கணவர் கோபப்படவில்லை. கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"ஒதுங்கலாம்டா. ஒதுங்கி நின்னா மறுபடி எடுக்கணும்ல? ஏத்தத்துல எனக்கு எடுக்க வராது. கிளச்ச விட்டா பின்னால உருளும். பின்னால பஸ்ஸு நிக்கும். அதான் நிக்காமலே போயிருவேன்."

இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். இது எனக்குத் தெரியாது. அவர் திமிரால் ஒதுங்காமல் போகவில்லை, கவனமில்லாமலும் போகவில்லை. பயந்துகொண்டே ஓட்டியிருக்கிறார். அவ்வளவு பயத்தோடும் மாதாமாதம் என் பின்னால் அந்த மலையேறியிருக்கிறார்.

"அப்ப இன்னிக்கி அங்க எப்படிங்க நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"ஹேண்ட் பிரேக்க இழுத்தேன். எறங்கி ஒரு பெரிய கல்ல எடுத்து டயருக்குப் பின்னால வச்சேன். நல்ல வேளை, அப்புறம் பின்னால உருட்டித் திருப்பி எறக்கத்துலதான் போவ வேண்டியிருந்துச்சு."

தம்பி முதலில் சிரித்தான். பிறகு நான். கடைசியில் அவரும் சிரித்தார். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் இறங்கியது.

அதன்பிறகு சில வாரங்கள் மலைக்குப் போகவில்லை. பழைய தோட்டத்துக்குள், செம்பனைக்கு நடுவே ஏறும் செம்மண் மேட்டுக்கு அவரைக் கூட்டிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு வண்டியும் வராது. நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

"கிளச்ச மெதுவா விடுங்க. காடி ஒரு மாதிரி நடுங்கும் பாருங்க. அந்த எடத்துலயே பிடிச்சிக்கிட்டு எண்ணெய் பெடல மிதிங்க. இப்ப ஹேண்ட் பிரேக்க எறக்குங்க."

கார் குதித்து அணைந்தது. மறுபடி அணைந்தது. ஒரு தடவை பின்னால் உருண்டு செம்பனை மட்டைக் குவியலில் இடித்து நின்றது. "போதும், போலாம்" என்றார். போகவில்லை. மூன்றாவது ஞாயிறு, நெற்றி வியர்வையோடு, கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேட்டில் கிளம்பியபோது அவர் "ஆ!" என்று கத்தியதில் மட்டைக் குவியலிலிருந்து ஒரு உடும்பு ஓடியது.

அடுத்த மாதம் தாப்பாவில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு அவரை முதலில் ஏறச் சொன்னேன். பின்னால் நானும் தம்பியும். சில வளைவுகளிலேயே வழக்கமான வரிசை சேர்ந்துவிட்டது. சாலை அகலமாகும் முதல் இடத்தில் சிவப்புக் காரின் இடது சிக்னல் மின்னியது. கார் ஒதுங்கி நின்றது. வேன் போயிற்று, பஸ் போயிற்று, நாலைந்து மோட்டார்கள் போயின. நானும் தம்பியும் அவருக்குப் பின்னாலேயே ஒதுங்கி நின்றோம். இன்ஜின் உறுமியது, கார் ஒரு நடுக்கம் நடுங்கியது, முன்னால் ஏறியது. அடுத்த அகலத்தில் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எங்களைப் போகச் சொன்னார்.

ரிங்லெட்டில் நாங்கள் இரண்டாவது தேநீரை முடித்தும் அவர் வரவில்லை. இந்த முறை எனக்குப் பயமில்லை. மூன்றாவது தேநீரின்போது வந்து சேர்ந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் கைய காட்டிட்டுப் போறானுங்க லா" என்றார். "ஒருத்தன் சல்யூட்டே அடிச்சான். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல, நானும் அடிச்சிட்டேன்."