சயாமுக்கு எழுதிய பெயர்

ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் கருணாகரன். காஜா பேராங் வட்டாரத்தில் கல்யாணம், சாவு, தெருச் சண்டை எதுவானாலும் முன்னால் நிற்பார். அதனால் ஜப்பான்காரன் வந்ததும் வட்டாரத் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. அரிசிக் கூப்பனில் கையெழுத்துப் போடுவதும், ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் எழுதிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு.

முதல் வருடம் கை சுத்தமாகத்தான் இருந்தது. நாற்பத்து மூன்றில் சயாமுக்குப் பத்துப் பேர் கேட்டார்கள். ஜாலான் பெண்டஹாரா தெருவில் நகைக்கடை வைத்திருந்த பொன்னுதுரை, தன் மகன் பெயரை எடுத்துவிடச் சொல்லி இரண்டு மூட்டை அரிசி அனுப்பினார். கருணாகரன் வீட்டில் மூன்று மாதமாக மரவள்ளிக்கிழங்குதான். வாங்கிக்கொண்டார். பத்தில் ஒன்று குறையக் கூடாதே! மாட்டுவண்டி ஓட்டிய கணேசமூர்த்தியின் பெயரை எழுதினார்.

"மூணே மாசம்தான்பா, ஓடிப் போயிடும்" என்று அவரே லாரியில் ஏற்றிவிட்டார்.

அன்று மனைவி ருக்மணி சோறு வடித்தாள். "ஏதுங்க அரிசி?"

"சாப்பிடு. கேக்காத."

அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. அடுத்த மூட்டை வந்தபோது இறங்கியது.

பிறகு கூப்பனிலும் கை வைத்தார். செத்தவர்கள் பெயரில் அரிசி எடுத்து விற்று, மறுவருடம் மாட்டிக்கொண்டார். விசாரணையில் அரிசியைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். சயாம் பட்டியலைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. இரண்டு வருடச் சிறை. வெளியே அழைத்து வந்தபோது கணேசமூர்த்தியின் மனைவி பூங்காவனம் வழியை மறித்தாள்.

"அரிசி போனா போவுது தலைவரே. எம் புருஷன் பேர எழுதுன கை எது? அத மட்டும் காட்டுங்க."

விலங்கு பூட்டிய கைகளை எங்கே மறைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஜப்பான்காரன் சரணடைந்ததும் சிறை திறந்தது. சயாமிலிருந்து பிழைத்து வந்தவர்கள், கணேசமூர்த்தி காலராவில் போய்விட்டதாகச் சொன்னார்கள். கருணாகரன் நேரே பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனார்.

"போக வேண்டியது பொன்னுதுரை மவன். அரிசிய வாங்கிக்கிட்டு நாந்தாம்மா மாத்தி எழுதுனேன்."

அவள் அழவில்லை. "எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? ஊர் கேக்கச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது, கோயில் வாசல் படியில் நின்று சொன்னார். யாரோ செருப்பை வீசினார்கள். பொன்னுதுரை தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டினார். கருணாகரன் நகரவில்லை. சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அந்த மாதமே ருக்மணியோடு கடலோரக் கிளேபாங்குக்குக் குடிபோய், மீன் காயவைத்துப் பிழைத்தார். பூங்காவனம் அவரை மன்னித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.