திரை இல்லாத சுகர் மிஷின்

வேல்விழிக்கு எதிலும் பொறுமை கிடையாது. ஷேர் ஆட்டோ நிற்பதற்குள் குதிப்பாள், சோறு வடிப்பதற்குள் தட்டோடு உட்காருவாள். அப்படிப்பட்டவளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, "டைப் ஒன் சர்க்கரை, இனி தினமும் இன்சுலின் ஊசி" என்று சொன்னால் எப்படியிருக்கும்? வயது இருபத்திரண்டுதான். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவள். சென்னைப் பக்கம் பென்னலூரில் ஒரே அறையில் எங்கள் நாலைந்து பெண்களோடு தங்கி, சார்ஜர் செய்யும் கம்பெனியில் என் பக்கத்தில் நின்று ஸ்க்ரூ முடுக்குகிறாள்.

வேலை நிரந்தரமாகுமா என்பது மாதக் கடைசியில்தான் தெரியும். ஆகாவிட்டால் ஊருக்குப் போய், பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அதனால் நோயை மறைத்தாள். சூப்பர்வைசர் ஸ்ரீதரிடம் டைபாய்டு என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, சொல்லித் தொலையேன். நீ என்ன களவா செஞ்ச?"

"சொன்னா லைன்ல நிக்க விடுவாவளா? நீ சும்மா கெட, பாண்டி."

அடிக்கடி விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மிஷின் வாங்க எங்கள் தெரு பலராமன் அண்ணன் மெடிக்கல் கடைக்குப் போனோம். அவர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தார். திரையில் எண் பெரிதாகத் தெரிந்தது.

"இத்த வாங்கிக்கோமா. எங்கம்மாவே கண்ணாடி போடாம பாத்துக்கினு கீது."

"அய்யே, கெழவிக்குள்ளதா? பீப்புன்னு கத்த வேற செய்யுது."

அவள் கை விரல் நீளமே இருந்த இன்னொன்றின் மேல் போனது. அதற்குத் திரையே இல்லை. செல்போனில் செருகினால் போனில் எண் வரும். பேட் வைக்கிற பையில் போட்டுக்கொண்டால் கேட்டில் செக்யூரிட்டி அக்கா திறந்து பார்க்க மாட்டாள். அதுதான் இவள் கணக்கு.

அன்று சாயங்காலமே போனில் செருகிப் பார்த்தாள். அறையிலிருந்த அத்தனை பேரும் தலையை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். எண் பளிச்சென்று வந்ததும் கைதட்டினோம். தினம் தினம் கேட்டிலேயே போனை லாக்கரில் போட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள் நாங்கள். அது ஒருத்தி புத்திக்கும் எட்டவில்லை. என்ன ஜென்மங்களோ!

மறுநாள் காலை ஷிப்ட். ஊசி போட்டுக்கொண்டவள், கம்பெனி பஸ் ஹார்ன் அடித்ததும் பாதி இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். டீ நேரத்துக்கு முன்பே அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. ஏசி ஹாலில் யாருக்கு வேர்க்கும்? பாத்ரூமுக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன். மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு பேண்ட் பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாண்டி... போனு."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. போன் கேட் லாக்கரில் கிடக்கிறது.

"கூடிருக்கா கொறைஞ்சிருக்கான்னு ஒண்ணும் தெரியலயே!" என்று அழுதாள்.

"சந்தேகமா இருந்தா மொதல்ல இனிப்பைத் தின்னுன்னு டாக்டர் சொன்னாருல்லா? மிட்டாய் எங்கட்டி?"

"லாக்கர்ல."

போங்கடி நீங்களும் உங்கள் லாக்கரும்! அவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு லைனுக்கு ஓடினேன். "சார், வேல்விழிக்கு டைபாய்டு இல்ல, சக்கரை! இனிப்பு வேணும், சீக்கிரம்!" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

லைனை விட்டு அசையாத ஸ்ரீதர் அன்று கேண்டீனுக்கு ஓடி, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தார். குடித்த கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது.

"இன்னாமா நீ? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? லைன் மெஷின் மேல மயங்கி வுயுந்திருந்தா?"

"வேலை போயிரும்னு பயந்துட்டேன் சார்."

கம்பெனி மெடிக்கல் ரூமில் நோயைப் பதிந்துவிட்டு வரச் சொன்னார், அவ்வளவுதான். பதிந்தால் வேலை நிலைக்குமா போகுமா என்று பேசிக்கொண்டே போனோம்.

அன்று சாயங்காலம் மறுபடி பலராமன் அண்ணன் கடைக்குப் போனோம்.

"அந்தப் பெருசையே குடுங்கண்ணே."

"சத்தத்த ஆஃப் பண்ணிக் குடுக்கட்டாமா?"

"வேண்டாம். கத்தட்டும்."

இப்போது டீ நேரத்தில், மெடிக்கல் ரூம் அனுமதியோடு, கேண்டீன் மேசையிலேயே குத்திப் பார்க்கிறாள். மிஷின் கத்தும்போதெல்லாம் நாலு தலை திரும்பும், இவள் தலை குனியும். ஸ்ரீதர் எங்கிருந்தாலும் "எவ்ளோமா?" என்பார். இவள் முணுமுணுப்பாள்.

மாதக் கடைசி இன்னும் வரவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை, எனக்கும்தான். நேற்று மிஷின் கத்தியபோது ஸ்ரீதர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், கேட்க மறந்துவிட்டார். இவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பொறுமைதான் கிடையாதே. மிஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"சார், நூத்திப் பதினெட்டு!" என்று கேண்டீன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.