ஸ்டானிஸ்லாஸின் கரகரப் பெட்டி

டிரான்சிஸ்டரின் காலை ஃபோர்செப்ஸால் கவ்விக்கொண்டு, மறுகையால் சால்டரிங் அயர்னை வைத்து எடுத்தார் ஸ்டானிஸ்லாஸ். அந்தச் சின்னக் குமிழுக்குச் சூடு ஏறினால் செத்துப்போகும். ஏறும் சூட்டை ஃபோர்செப்ஸ் வாங்கிக்கொள்ளும். ரத்தக்குழாயைக் கவ்வ வைத்திருந்த கருவி அது. பூட்டு தேய்ந்து ஆஸ்பத்திரியில் கழித்ததை, அங்கே நர்ஸாக இருந்த நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அது கவ்விய கால்களில் வரிவரியாகப் பல் தடம் விழும்.

மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்து முனையில் அவருக்கு ரேடியோ ரிப்பேர் கடை. பின்னால் வீடு. தகப்பனார் போனபின் தம்பி எட்வர்டை வளர்த்தது அவரும் மனைவி மோலியும்தான். அறுபத்தேழில் எட்வர்ட் பெங்களூரில் ஒரு குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தான். வெளிநாட்டு இசைத்தட்டில் கிடார் உறுமுவதுபோல் தனக்கும் உறும வேண்டும், காலால் மிதித்தால் தொடங்கி, மறுபடி மிதித்தால் நிற்க வேண்டும் என்று அண்ணனிடம் கேட்டான்.

"வாழ்நாள் பூரா கரகரப்பை எடுக்கத்தான் காசு வாங்கினேன் அக்கா. இவனுக்குக் கரகரப்பைப் போட்டுக் குடுக்கணுமாம்" என்று என்னிடம் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. புனல் செய்யும் பசவராஜிடம் தகரப்பெட்டி மடித்து வாங்கினார். பெட்டி முடிந்து எட்வர்ட் வாசித்துக் காட்டியபோது, பக்கத்து வாட்ச் கடை காளிதாஸ் எட்டிப் பார்த்து, "யாரோ நாய் வாலை மிதிச்சிட்டாங்க மாராயா" என்றார்.

சில வாரம் கழித்து எட்வர்ட் வெறுங்கையோடு வந்தான்.

"எரிஞ்சு போச்சுண்ணே. மேடையில புகை வந்துடுச்சு."

"கொண்டாந்திருந்தா பார்த்திருப்பேனே."

"குப்பையில போட்டாச்சு. வேற செஞ்சு குடு."

செய்து கொடுத்தார். அதுவும் போயிற்று. மூன்றாவது ஊமையாகிவிட்டதாம். நான்காவதைக் கோபத்தில் குழுத் தலைவன் உதைத்து உடைத்துவிட்டானாம். எதுவும் திரும்பி வரவில்லை. அந்த முறை எட்வர்ட் அண்ணனின் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு வயசாகுதுண்ணே. கை ஆடுது போல" என்றான்.

அது அவரைப் பிடித்துக்கொண்டது. ரிப்பேருக்கு வாங்கிய ரேடியோக்களைத் திறக்கத் தயங்கினார். எங்கள் சந்துத் தேவம்மாவின் டிரான்சிஸ்டர் ரேடியோ பலகையில் அப்படியே கிடந்தது. ஒருநாள் என்னிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்தேன். நடுக்கம் இருந்தால் காகிதம் காட்டிக் கொடுக்கும். அது அசையவில்லை. மூக்கைத் தொடச் சொன்னேன், தொட்டார். குடிக்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றார். மோலியிடமும் கேட்டேன். அவளும் இல்லை என்றாள்.

"கையில ஒண்ணுமில்லை. போய் வேலையைப் பாருங்க."

"உங்க முன்னால நிக்குது அக்கா. வேலையில ஆடுது. எட்வர்ட் பொய் சொல்வானா?"

மாதக் கடைசியில் கடையைக் காளிதாஸிடம் விட்டுவிட்டு, ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டார். தம்பிக்கு ஐந்தாவது பெட்டி ஒன்றை மட்டும் முடித்துக் கொடுத்துவிடலாம் என்று செய்துகொண்டிருந்தார்.

அது முடிந்த சனிக்கிழமை, மோலியின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற நான் போயிருந்தேன். கடையில் ஒரு வாடிக்கையாளர் பேசுவது உள்ளே கேட்டது. பெங்களூர் பேங்கில் வேலை பார்க்கும் ரங்கா, இங்கே அக்ரஹாரத்தில் அவருக்குச் சொந்த வீடு.

"இது கிடாருக்குப் போடற பெட்டி சார். ஒரு வருஷமா நன்னா உழைச்சுது. நேத்திலேர்ந்து விட்டு விட்டு வரது."

"எங்கே வாங்கினீங்க?"

"பெங்களூர்ல எட்வர்ட்னு ஒருத்தர், தன் கையாலேயே பண்றார். ஆர்டர் குடுத்துட்டுக் காத்திண்டிருக்கணும். அவ்வளவு கிராக்கி."

நான் கட்டை முடித்து வெளியே வந்தேன். நீலப் பெயிண்ட் அடித்து, மேலே எட்வர்ட் என்று இங்கிலீஷில் எழுதியிருந்த பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே டிரான்சிஸ்டரின் ஒவ்வொரு காலிலும் வரிவரியாகப் பல் தடம். ஸ்டானிஸ்லாஸ் அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எரிந்ததாகச் சொன்ன முதல் பெட்டி. மிதித்து மிதித்து சுவிட்ச் ஒயர் ஒன்று அற்றிருந்தது, அவ்வளவுதான். அதைச் சேர்த்து, ரங்கா கொண்டுவந்திருந்த கிடாரில் போட்டுப் பார்க்கச் சொன்னார். உறுமியது. ரங்கா காசை நீட்டியபோது, "பேடா சார், வேணாம், சின்ன வேலை" என்றார்.

சாயங்காலம் எட்வர்ட் ஐந்தாவது பெட்டியை வாங்க வந்தபோது நானும் மோலியோடு அங்கேதான் இருந்தேன்.

"தம்பி, முதல் பெட்டி எப்படி எரிஞ்சுது?"

"அதான் சொன்னேனே, புகை வந்துச்சு."

"ரங்கான்னு ஒரு பேங்க்காரர் இன்னிக்குக் கொண்டாந்தார். புகை வரலே."

எட்வர்ட் என்னைப் பார்த்தான், மோலியைப் பார்த்தான். பிறகு குரலை உயர்த்தினான். "வித்தேன். அதுக்கென்ன? உனக்கு விக்கத் தெரியுமா? இந்தச் சந்துல யாரு கிடார் வாசிக்கிறான்?"

"வித்துக்கோ. என் பேரும் வேணாம். கை போச்சுன்னு ஏண்டா சொன்னே?"

"நல்லா இருக்குன்னு சொன்னா நீ ஒண்ணோட நிறுத்திடுவே. கெட்டுப்போச்சுன்னாதான் மறுபடி உக்காந்து செய்வே. உன்னை எனக்குத் தெரியாதா?"

மோலி குறுக்கிட்டாள்: "அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போறார், தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணி. காளிதாஸ் சொன்னார்."

தெரிந்தும் ஐந்தாவதை வாங்க வந்திருந்தான். அவன் அண்ணனை அடித்திருந்தால்கூட வலி ஆறியிருக்கும். இது ஆறாது என்று எனக்குப் பட்டது, ஆறவும் இல்லை. கடைசி பஸ் போய்விட்டதால் மோலி அவனுக்குச் சோறு போட்டு, கூடத்தில் பாயும் போட்டாள். அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் பேசாமல் படுத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்ததும், ஞாயிறு திறக்காத கடையை ஸ்டானிஸ்லாஸ் திறந்தார். காளிதாஸ் வீட்டுக்கு ஆள் அனுப்பி, கடை கொடுப்பதாக இல்லை என்று சொல்லச் செய்தார். பிறகு ஐந்தாவது பெட்டியைத் திறந்து, ஈயத்தை இளக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். எட்வர்ட் பையோடு வந்து நின்றபோது காலிப் பெட்டியை நீட்டினார்.

"பசவராஜ் மடிச்சது. நல்ல தகரம். எடுத்துட்டுப் போ."

எட்வர்ட் வாங்கிக்கொண்டு போனான். ஸ்டானிஸ்லாஸ் தேவம்மாவின் ரேடியோவை இழுத்து வைத்து, எடுத்த டிரான்சிஸ்டரில் ஒன்றை ஃபோர்செப்ஸால் கவ்வினார்.