கண்ணாடிக்குள் ஒரு பிரெஞ்சு ஜெபப்புத்தகம்

“அண்ணே, கண்ணாடியிலிருந்து கையை எடுங்க!” ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதைச் சொல்வதுதான் என் தொழில். மலாக்கா நகரத்துச் சின்ன அருங்காட்சியகம் ஒன்றில் காவலாளி. ஐந்நூறு வருஷங்களுக்கு முன் பிரான்சில் கையால் எழுதி, படம் தீட்டி, தங்கத் தகடு ஒட்டிய ஜெபப்புத்தகம் ஒன்று இரண்டு மாதக் கண்காட்சிக்கு வந்திருந்தது. மங்கிய விளக்கு, கண்ணாடிப் பெட்டி, ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி. நாற்காலியை யாருக்கும் தரக்கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. ஒரே இடத்தில் கிடந்து சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என் நிலைமை புரியும்.

குதிரை மேல் ஒருவர்

நிறம் போய்விடும் என்று மாதத்துக்கு ஒரு பக்கம்தான் திறந்து வைப்பார்கள். முதலில் நாள்காட்டிப் பக்கம்: திராட்சைக் கொடி கழிக்கும் ஆட்கள், பக்கத்தில் குதிரை மேல் பிரபு. எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டி ஓய்வுபெற்ற மாமா ஒருவர் வெகுநேரம் பார்த்தார்.

“வெட்றவன் குனிஞ்சிருக்கான், பாக்குறவன் நிமிந்திருக்கான். எங்க எஸ்டேட் டிவிஷன்தான் தம்பி, தொரை தொப்பி மட்டும் வேற.”

நகைக்கடைக்காரர்

அடுத்த மாதம் மாதா படம். சுற்றிலும் அசல் தங்கம் என்று பலகையில் எழுதியிருந்தது. நின்று பார்க்கிறவர்களுக்கு அது பழைய புளி நிறத்தில்தான் தெரியும். நகைக்கடைக்காரர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தார்.

“போர்டு போட்டா தங்கமாயிடுமா? என் கடைக்கு வந்தா உரசிப் பாக்காமலே அனுப்பிடுவேன் லா.”

கடைசி நாள்

கோலா சுங்கை பாருவிலிருந்து யாழ்ப்பாணக் கத்தோலிக்கத் தம்பதி வந்தார்கள். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அந்த அம்மா சக்கர நாற்காலியில். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளெல்லாம் இந்த மாதாவைப் பார்க்கவேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாராம். பெட்டியோ நிற்கிறவர்களின் உயரத்துக்குச் செய்தது. மறுநாள் புத்தகம் கப்பலேறிவிடும். ஆசிரியருக்கு முகம் வாடிவிட்டது.

“நான் பாத்துச் சொல்லுறன், கேளும். நீல முக்காடு. சுத்திவர மண் நிறம். அவ்வளவுதான்.”

“மண்ணோ? முகம் எனக்குத் தெரியேல்லை. ஆனா சுத்திவர விளக்குக் கொளுத்தினமாதிரி எரியுதப்பா! உங்களுக்குத் தெரியேல்லையே?”

அவர் குனிந்து பார்த்தார். முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு மாதமாக உட்கார்ந்த இடத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்ததும் அந்த வெளிச்சத்தைத்தான். என் நாற்காலியைத் தூக்கிவந்து ஆசிரியருக்குப் பின்னால் வைத்துவிட்டு, கதவோரம் போய் நின்றுகொண்டேன்.